கப்பல் சுக்கானும் ஜெனீவாக் காகிதமும்

2019 மே மாதம். ஈஸ்டர் குண்டுவெடிப்புகள் நடந்து முழுசாக ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. மஹியங்கனைப் பக்கம் ஹசலக பொலிஸார் ஒரு முஸ்லிம் பெண்ணைக் கைது செய்தார்கள். காரணம், அவர் உடுத்தியிருந்த நீள உடுப்பு. அதில் அச்சாகியிருந்த வட்ட உருவம் பொலிஸாரின் கண்ணுக்குப் பௌத்தர்களின் தர்மசக்கரமாகத் தெரிந்தது. உண்மையில் அது கப்பலின் சுக்கான் சக்கரம். இரண்டு வாரத்துக்கும் மேல் விளக்கமறியலில் கிடந்த பிறகுதான் அவருக்குப் பிணை கிடைத்தது. அவருடைய அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது அதற்கும் வெகுகாலம் கழித்து.

எந்தச் சட்டத்தின் கீழ் அவரைப் பிடித்தார்கள் என்பதைப் பார்த்தால்தான் கதை இன்னும் விசித்திரமாகிறது. ஊர்வழக்கில் ‘ஐ.சி.சி.பி.ஆர். சட்டம்’ என்கிறோமே, அதுதான். முழுப்பெயர், குடியியல் மற்றும் அரசியல் உரிமைகள் தொடர்பான சர்வதேச சமவாயச் சட்டம், 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கம். பேச்சுரிமை, மத உரிமை, காரணமின்றிக் கைதாகாமல் இருக்கும் உரிமை எல்லாவற்றையும் காக்க உலக நாடுகள் எழுதிக்கொண்ட ஓர் ஒப்பந்தத்தின் பெயரைச் சுமக்கும் சட்டம். அந்தப் பெயரை வைத்துக்கொண்டே ஒரு பெண்ணை உடுப்புக்காக உள்ளே வைக்க முடிந்தது எப்படி? ஐ.நா.வின் மனித உரிமைக் குழுக்கள் கூடும் ஜெனீவாவில் கொடுக்கும் வாக்கு ஹசலக பொலிஸ் நிலையம் வரை வந்து சேர்வதற்குள் அதற்கு என்னென்ன ஆகிறது என்று பார்ப்போம்.

முதலில் அடிப்படை. 1966இல் ஐ.நா. பொதுச்சபை இரண்டு பெரிய சமவாயங்களை ஏற்றுக்கொண்டது. ஒன்று குடியியல், அரசியல் உரிமைகளுக்கு. மற்றது பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கு. இலங்கை இரண்டிலும் 1980 ஜூன் 11இல் சேர்ந்தது. பிறகு பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் சமவாயம் (1981), இனப்பாகுபாட்டுக்கு எதிரானது (1982), சிறுவர் உரிமைச் சமவாயம் (1991), சித்திரவதைக்கு எதிரானது (1994), புலம்பெயர் தொழிலாளர்களுக்கானது (1996), மாற்றுத்திறனாளிகளுக்கானதும் வலிந்து காணாமல் ஆக்கப்படுதலுக்கு எதிரானதும் (இரண்டும் 2016) என்று ஒன்றும் விடுபடவில்லை. பட்டியலை மட்டும் பார்த்தால் இலங்கை வகுப்பில் முதல் மாணவன்.

கையெழுத்திடுவதும் உறுதிப்படுத்துவதும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். கையெழுத்து நிச்சயதார்த்தம் மாதிரி; உறுதிப்படுத்தல்தான் தாலி. நிச்சயமான பிறகு அந்த உறவைக் கெடுக்கும் காரியம் எதுவும் செய்யக்கூடாது, அவ்வளவுதான். முழுக் கடமை தாலிக்குப் பிறகே வரும். சித்திரவதைக்கு எதிரான சமவாயத்தில் இந்தியா 1997இல் கையெழுத்திட்டது. இன்னும் நிச்சயதார்த்தத்தோடுதான் நிற்கிறது. இலங்கையோ பெரும்பாலானவற்றில் நேராகத் தாலியே கட்டிவிட்டது.

சரி, இப்படி வாக்குக் கொடுத்த நாடு என்ன செய்ய வேண்டும்? மூன்று வகைக் கடமை என்பார்கள். மதிக்க வேண்டும், அதாவது அரசே உரிமையில் கைவைக்கக் கூடாது. நிறைவேற்ற வேண்டும், அதாவது பள்ளிக்கூடம், மருத்துவமனை, நீதிமன்றம் என்று உரிமை நடைமுறைக்கு வர வேண்டியதைச் செய்ய வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது: பாதுகாத்தல். அரசு தன் கையால் எதுவும் செய்யாமல் இருந்தால் மட்டும் போதாது. அடுத்தவன் செய்வதையும் தடுக்க வேண்டும். இது நம்மவர்களுக்குப் புரிய நல்ல உதாரணம் ஈஸ்டர் தாக்குதல் வழக்கு. குண்டு வைத்தது அரசு அல்ல. ஆனால் முன்கூட்டியே புலனாய்வுத் தகவல் வந்தும் தடுக்கத் தவறியதற்காக, 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவை 10 கோடி ரூபாய் நட்டஈடு கட்டச் சொன்னது. தீர்ப்பு இலங்கை அரசியலமைப்பின் அடிப்படையில் வந்ததுதான். ஆனாலும் சமவாயங்கள் ‘பாதுகாத்தல்’ என்று சொல்லும் சங்கதி இதுவே.

மனித உரிமை ஒப்பந்தங்களுக்கு ஒரு பிறவிக் குறை உண்டு. வர்த்தக ஒப்பந்தத்தை ஒரு நாடு மீறினால், பாதிக்கப்பட்ட மற்ற நாடு பதிலுக்கு வரியை ஏற்றும். போர்நிறுத்தத்தை ஒருவர் மீறினால் மற்றவரும் மீறுவார். மனித உரிமை ஒப்பந்தத்தில் அப்படிச் செய்ய வழியில்லை. இலங்கை தன் கைதியை அடித்தால், நோர்வே பதிலுக்குத் தன் கைதியை அடிக்குமா? நாடுகள் ஒன்றுக்கொன்று கொடுத்துக்கொள்ளும் வாக்குத்தான், ஆனால் அதன் பலன் மூன்றாமவருக்கு. அந்த மூன்றாமவர் ஒப்பந்த மேசையிலேயே இல்லை. ஆகவே மீறப்பட்டால் துடித்து எழ யாரும் இல்லை.

அதே குணம் இன்னொரு பக்கத்தில் பலமாகவும் வேலை செய்கிறது. 1997இல் வடகொரியா குடியியல், அரசியல் உரிமைச் சமவாயத்திலிருந்து விலகுவதாக அறிவித்தது. முடியாது என்றது அந்தச் சமவாயத்தைக் கண்காணிக்கும் ஐ.நா. மனித உரிமைக் குழு. அந்தச் சமவாயத்தில் விலகுவதற்கு வழியே எழுதப்படவில்லை. உரிமைகள் ஒரு தடவை மக்களுக்குச் சொந்தமாகிவிட்டால் ஆட்சி மாறினாலும் நாடே பிரிந்தாலும் அவை அவர்களிடமே இருக்கும் என்பது குழுவின் விளக்கம். ஆக, உள்ளே போகலாம், வெளியே வர முடியாது. பிறகு என்ன செய்வது? உள்ளேயே இருந்துகொண்டு கதவைச் சாத்திவைக்கலாம். இலங்கை செய்தது கிட்டத்தட்ட அதைத்தான்.

கதவு எது என்றால், உள்நாட்டுச் சட்டம். நெதர்லாந்து மாதிரிச் சில நாடுகளில், ஒப்பந்தம் ஒன்று நடைமுறைக்கு வந்ததும் அதன் விதிகளை நீதிபதி நேரடியாகவே எடுத்து வழக்கில் பயன்படுத்தலாம். பிரித்தானிய மரபில் வந்த நாடுகளில் அப்படியில்லை. ஒப்பந்தம் வெளியுறவு அமைச்சின் அலுமாரியில் இருக்கும். நாடாளுமன்றம் அதைச் சட்டமாக்கினால்தான் நீதிமன்றத்துக்குள் நுழையும். இலங்கையும் இந்தியாவும் இந்த வகை. அதே சமயம், சர்வதேசச் சட்டத்தின் பார்வையில் இது ஒரு சாக்கே இல்லை. ‘எங்கள் உள்நாட்டுச் சட்டம் இடம்கொடுக்கவில்லை’ என்று சொல்லி ஒப்பந்தத்தை மீற முடியாது என்பது, ஒப்பந்தங்களுக்கே விதி சொல்லும் வியன்னா உடன்படிக்கையின் 27ஆம் உறுப்புரை. இந்தியாவில் விசாகா வழக்கில் (1997), வேலைத்தலத்துப் பாலியல் தொல்லைக்கு எதிராகச் சட்டமே இல்லாத நிலையில் உச்ச நீதிமன்றம் பெண்கள் சமவாயத்தை எடுத்து அதன் துணையோடு வழிகாட்டு விதிகளை வகுத்தது. நீதிபதி நினைத்தால் கதவில் ஒரு சந்து வைக்கலாம் என்பதற்கு அது சாட்சி. இலங்கையிலும் 2000ஆம் ஆண்டு வாக்கில் நீதியரசர் மார்க் பெர்னாண்டோ போன்றோர் அந்தத் திசையில்தான் போனார்கள். ஒப்பந்தக் கடமைகளை மதிக்க அரசு முயல வேண்டும் என்று அரசியலமைப்பின் 27(15)ஆம் உறுப்புரை சொல்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு சமவாயத்தைத் தீர்ப்புகளுக்குள் கொண்டுவந்தார்கள்.

பிறகு வந்தது சிங்கராசா வழக்கு. இலங்கைச் சட்டத்தரணிகள் இந்தப் பெயரைச் சொன்னாலே ஒரு பெருமூச்சு விடுவார்கள்.

1993இல் கிழக்கில் கைதான ஒரு தமிழ் இளைஞர். பயங்கரவாதத் தடைச் சட்டம். சாதாரணச் சட்டப்படி பொலிஸிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. இந்தச் சட்டத்திலோ, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரி ஒருவர் எடுத்திருந்தால் செல்லும். அதுமட்டுமா, அடித்து வாங்கினார்கள் என்றால் அதை நிரூபிக்கும் பொறுப்பும் அடிவாங்கியவர் தலையில். அவருக்குச் சிங்களம் தெரியாது. சிங்களத்தில் தட்டச்சாகியிருந்த வாக்குமூலத்தில் தன் பெருவிரலைப் பிடித்து வைக்கச் செய்தார்கள் என்பது அவர் சொன்னது. அந்தக் காகிதத்தை நம்பித்தான் 1995இல் கொழும்பு மேல் நீதிமன்றம் 50 ஆண்டு சிறை விதித்தது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை 35 ஆண்டாகக் குறைத்தது. உயர் நீதிமன்றம் மேன்முறையீட்டுக்கு அனுமதி தரவில்லை.

இதற்கிடையில் 1997 அக்டோபரில் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்கவின் அரசு, குடியியல், அரசியல் உரிமைச் சமவாயத்தின் விருப்ப நெறிமுறையிலும் சேர்ந்திருந்தது. பெயர்தான் விருப்பம், அதில் சேர்ந்தால் அந்த நாட்டில் உள்ள தனிமனிதர் யாரும், உள்நாட்டு நீதிமன்றக் கதவுகளையெல்லாம் தட்டி முடித்த பிறகு, ஜெனீவாக் குழுவுக்கு, அதாவது மேலே சொன்ன ஐ.நா. மனித உரிமைக் குழுவுக்கு, முறையிடலாம். சிறையிலிருந்தவர் முறையிட்டார். 2004 ஜூலையில் குழு அவர் பக்கம் பேசியது: நீதியான விசாரணைக்கான உரிமை மீறப்பட்டுள்ளது, வாக்குமூலம் தானாகக் கொடுத்ததா என்று நிரூபிக்கும் பாரத்தை அவர் மேல் போட்டது தவறு, விடுதலை அல்லது மறுவிசாரணை, நட்டஈடு போன்ற பரிகாரம் கொடுங்கள், சட்டத்தையும் திருத்துங்கள்.

இந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு அவருடைய சட்டத்தரணிகள் மறுபடி உயர் நீதிமன்றம் போனார்கள். 2006 செப்டம்பரில் பிரதம நீதியரசர் சரத் என். சில்வா தலைமையிலான ஆயம் தந்த பதில் யாரும் எதிர்பாராதது. மனுவைத் தள்ளுபடி செய்ததோடு நிற்கவில்லை. மக்களுக்குப் புதிய சட்ட உரிமை ஒன்றைக் கொடுப்பது சட்டமியற்றும் வேலை. அது நாடாளுமன்றத்துக்கு உரியது. ஜனாதிபதி தன்னிச்சையாக விருப்ப நெறிமுறையில் சேர்ந்ததே அரசியலமைப்புக்கு முரண். உள்நாட்டில் அதற்குச் செல்லுபடி இல்லை என்றது தீர்ப்பு.

இதன் விளைவைக் கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். இலங்கை அந்த நெறிமுறையிலிருந்து விலகவில்லை. விலக அதில் வழி இருக்கிறது, ஜமேக்கா அப்படி விலகியும் இருக்கிறது, இலங்கை விலகவில்லை. ஜெனீவாக் குழு இன்றும் இலங்கையர்களின் முறைப்பாடுகளை எடுத்து விசாரித்துக் கருத்துச் சொல்கிறது. கொழும்பு நீதிமன்றத்தில் அந்தக் கருத்துக்கு மதிப்பு இல்லை. வாசலில் ‘வாருங்கள்’ என்று கோலம், கதவில் பூட்டு. என்னைக் கேட்டால், சட்டக் கோட்பாடாக அந்தத் தீர்ப்புக்கு ஒரு தர்க்கம் இருக்கிறது என்பதை மறுக்க முடியாது; வெளிநாட்டு ஒப்பந்தம் மூலம் ஜனாதிபதி நாடாளுமன்றத்தைத் தாண்டிச் சட்டம் இயற்றக்கூடாது என்பது நல்ல கொள்கைதான். ஆனால் 27(15)ஐப் பிடித்துக்கொண்டு நடுவழி ஒன்று காணமுடியும் என்று அதே நீதிமன்றத்தின் முந்தைய தீர்ப்புகள் காட்டியிருந்தன. அந்த வழியை எடுக்காமல் விட்டது ஒரு தெரிவு.

அடுத்த ஆண்டு வந்ததுதான் 2007ஆம் ஆண்டின் அந்த 56ஆம் இலக்கச் சட்டம். திடீரென்று ஏன் இந்த அக்கறை? ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜீ.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகை. 2005 முதல் இலங்கையின் ஆடைகளுக்கு ஐரோப்பியச் சந்தையில் அந்தச் சலுகை கிடைத்துவந்தது. அதற்கு விலை, 27 சர்வதேசச் சமவாயங்களை உறுதிப்படுத்தி நடைமுறைப்படுத்துவது. நடைமுறைப்படுத்துகிறோம் என்று காட்ட ஒரு சட்டம் தேவைப்பட்டது. நாடுகள் பதிலுக்குப் பதில் செய்ய முடியாது என்று மேலே சொன்னேன் அல்லவா, அந்த ஓட்டையை வர்த்தகம் இப்படி அடைக்கிறது. ஜெனீவாக் குழுவால் முடியாததை ஒரு சுங்கவரி அட்டவணை செய்துவிடும், சில வேளை.

அந்தச் சட்டத்தைத் திறந்து பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். சமவாயத்தில் கிட்டத்தட்ட இரண்டு டசின் உரிமைகள் இருக்கின்றன. சட்டத்தில் வந்தவை ஒரு கைப்பிடி: சட்டத்தின் முன் ஆளாக ஏற்கப்படும் உரிமை, குற்றஞ்சாட்டப்பட்டவருக்கான சில பாதுகாப்புகள், சிறுவர் உரிமைகள் சில, பொதுவாழ்வில் பங்கெடுக்கும் உரிமை. உயிர்வாழும் உரிமை இல்லை. அது 1978 அரசியலமைப்பிலும் நேரடியாக எழுதப்படவில்லை. 2003இல் உயர் நீதிமன்றம் ஒரு பொலிஸ் காவல் மரண வழக்கில், நீதிமன்றக் கட்டளையின்றி யாரையும் மரணத்தால் தண்டிக்கக் கூடாது என்ற வாசகத்திலிருந்து அதை வருவித்துக்கொண்டது. சமவாயத்திலிருந்து இவ்வளவு விட்டுவிட்ட சட்டம், ஒன்றை மட்டும் மறக்காமல், கூரான பல்லோடு கொண்டுவந்தது. அதுதான் 3ஆம் பிரிவு.

இன, மத வெறுப்பைப் பரப்பி, பாகுபாட்டையோ பகைமையையோ வன்முறையையோ தூண்டுவதை நாடுகள் சட்டத்தால் தடைசெய்ய வேண்டும் என்கிறது சமவாயத்தின் 20ஆம் உறுப்புரை. நியாயமான விதி. சிறுபான்மையினரைக் காக்க எழுதப்பட்டது. இலங்கைச் சட்டம் அதைக் குற்றமாக்கி, 10 ஆண்டு வரை கடூழியச் சிறை வைத்தது. கூடவே ஒரு வரி: சந்தேகநபருக்கு நீதவான் பிணை கொடுக்க முடியாது, மேல் நீதிமன்றம்தான், அதுவும் விதிவிலக்கான சூழ்நிலையில்தான் கொடுக்கலாம். இந்த ஒரு வரிதான் எல்லாவற்றையும் கெடுத்தது. வழக்கில் தண்டிக்க முடியுமா என்பது இரண்டாம் பட்சம். கைது செய்து இந்தப் பிரிவை எழுதிவிட்டால் போதும், ஆள் வாரக்கணக்கில் உள்ளே. கைதே தண்டனை.

2018இல் கண்டிப் பக்கம் திகனவில் முஸ்லிம்களுக்கு எதிராக நடந்த வன்முறைக்குப் பிறகு உண்மையிலேயே வெறுப்பைப் பரப்பியதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட சிலர் மேல் இது பாய்ந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அடுத்த ஆண்டே சக்திக சத்குமார என்ற சிங்கள எழுத்தாளர், பேஸ்புக்கில் வெளியிட்ட ஒரு சிறுகதைக்காக ஏறக்குறைய நான்கு மாதம் சிறையில் இருந்தார். கதை புத்த பிக்குகளை அவமதிக்கிறது என்பது முறைப்பாடு. அப்புறம் சுக்கான் உடுப்பு. 2023இல் மேடை நகைச்சுவைக் கலைஞர் ஒருவர். மூவரில் எவரும் யாரையும் யாருக்கு எதிராகவும் தூண்டவில்லை. தூண்டுதல் என்றால் என்ன என்பதற்கு ஐ.நா. 2012இல் ரபாத் செயல்திட்டத்தில் ஆறு அளவுகோல்கள் வைத்திருக்கிறது: சூழல், பேசியவரின் நிலை, நோக்கம், பேசியதன் உள்ளடக்கமும் வடிவமும், எத்தனை பேரை எட்டியது, தீங்கு நேரும் வாய்ப்பு. உடுப்பு உடுத்திய பெண் இந்த ஆறில் ஒன்றிலாவது தேறுவாரா?

இன்னொரு வேடிக்கை. 2008இல், ஜீ.எஸ்.பி. பிளஸ் பேச்சு சூடாக இருந்த நேரத்தில், சமவாயத்தின் உரிமைகளெல்லாம் இலங்கைச் சட்டத்தில் போதிய அளவு இருக்கின்றனவா என்று ஜனாதிபதி உயர் நீதிமன்றத்திடம் கருத்துக் கேட்டார். இருக்கின்றன என்றது நீதிமன்றம். பிரசல்ஸில் இருக்கும் ஐரோப்பிய ஒன்றியம் அதை நம்பவில்லை. குடியியல் உரிமைகள், சித்திரவதை, சிறுவர் ஆகிய மூன்று சமவாயங்களின் நடைமுறையில் குறை கண்டு 2010 ஆகஸ்டில் சலுகையை நிறுத்தியது. மீண்டும் கிடைத்தது 2017 மே மாதத்தில்.

சித்திரவதைக்கு எதிரான சமவாயத்தின் கதை வேறு மாதிரி. அதற்கு 1994இலேயே தனிச் சட்டம் வந்தது. குற்றம் நிரூபணமானால் குறைந்தது 7 ஆண்டு சிறை. தாளில் கடுமையான சட்டம். ஆனால் சித்திரவதைக்கு வரைவிலக்கணம் எழுதும்போது ‘கடும் வலி’ என்பதை எடுத்துக்கொண்டு, சமவாயத்தில் அதோடு இருந்த ‘துன்பம்’ என்ற சொல்லை விட்டுவிட்டார்கள். தண்டனை பெற்றவர்களோ மிகச் சிலர். சித்திரவதை விஷயத்தில் நாடு எந்தச் சாக்கும் சொல்ல முடியாது, போர் நடந்தாலும் அவசரகாலம் பிரகடனமானாலும் விலக்கு இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த காட்சியைப் பாருங்கள்.

2016 நவம்பர், ஜெனீவா. சமவாயத்தில் சேர்ந்த நாடு சில ஆண்டுகளுக்கொரு முறை அறிக்கை கொடுத்து, அந்தச் சமவாயத்துக்கென்றே இருக்கும் நிபுணர் குழுவின் முன் உட்கார்ந்து கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். உள்ளூர் அமைப்புகளும் தங்கள் பங்குக்கு நிழல் அறிக்கை கொடுக்கும். உண்மையில் குழுவின் கூர்மையான கேள்விகள் பலவும் அதிலிருந்துதான் பிறக்கும். அன்றைக்கு இலங்கைத் தூதுக்குழுவில் தேசியப் புலனாய்வுத் தலைவர் அமர்ந்திருந்தார். போரின் கடைசிக் காலமான 2008-09இல் குற்றப் புலனாய்வுத் திணைக்களமும் பயங்கரவாதப் புலனாய்வுப் பிரிவும் அவருடைய மேற்பார்வையில் இருந்தவை. அங்கே நடந்ததாகச் சொல்லப்படும் சித்திரவதைகள் பற்றிக் குழு அவரிடமே கேட்டது. அவர் வாய் திறக்கவில்லை. கூட்டம் முடியும் வரை திறக்கவில்லை. குழு தன் முடிவுரையில் அந்த மௌனத்துக்கு வருத்தம் தெரிவித்து எழுதிவைத்தது. குழுவின் அதிகாரம் அவ்வளவுதான்: கேட்கலாம், பதில் வராததைப் பதிவு செய்யலாம். கைவிலங்கு அதனிடம் இல்லை. ஆனாலும் அந்தப் பதிவு அழியாது. வேறொரு நாட்டு நீதிமன்றம், விசா அதிகாரி, வரிச்சலுகை மதிப்பீட்டாளர் என்று யாரோ ஒருவர் என்றோ ஒருநாள் அதை எடுத்துப் படிப்பார்.

காணாமல் ஆக்கப்பட்டோர் விஷயத்தில் இடைவெளி இன்னும் வலிக்கும்படி தெரிகிறது. சமவாயம் 2016இல் உறுதியானது, சட்டம் 2018இல் வந்தது. இந்தச் சட்டம் இனி நடப்பவற்றுக்குத்தான், பின்னோக்கிப் போகாது என்று அன்றைய அரசாங்கம் மேடைக்கு மேடை உறுதி சொன்னது. 2017 பிப்ரவரியிலிருந்து கிளிநொச்சியில் வீதியோரம் அமர்ந்திருந்த தாய்மார்களுக்கு அந்த உறுதிமொழி எப்படிக் கேட்டிருக்கும்?

பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவதாக 2015இல் ஐ.நா. மனித உரிமைகள் பேரவைத் தீர்மானத்தில் இலங்கையே இணை அனுசரணையாளராக நின்று ஒப்புக்கொண்டது. 2022இல் கிடைத்தது ஒரு திருத்தம். தடுத்துவைக்கும் உச்சகாலம் 18 மாதத்திலிருந்து 12 மாதமானது. நிறைவேறிய ஒரு சட்டத்தை அரசியலமைப்புக்கு முரண் என்று நீதிமன்றத்தில் கேள்வி கேட்க இலங்கையில் இடமில்லை (உறுப்புரை 80(3)). ஆகவே இந்த விஷயத்தில் வெளியிலிருந்து வரும் அழுத்தம் வேறு நாடுகளைவிட இங்கே அதிகம் தேவைப்படுகிறது.

இத்தனைக்கும் நடுவே, பொலிஸ் நிலையத்தில் அடிவாங்கியவர், காரணமின்றிக் கைதானவர், அவருடைய குடும்பம் என்ன செய்யலாம்? முதல் படி ஜெனீவா அல்ல, உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மீறல் மனு. அதற்கு அரசியலமைப்பு கொடுக்கும் அவகாசம் ஒரே ஒரு மாதம் (உறுப்புரை 126). தடுப்பில் இருப்பவருக்கு ஒரு மாதம் என்பது சட்டத்தரணியைக் கண்ணால் பார்க்கக்கூடப் போதாது. அதற்குத்தான் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டத்தின் (1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கம்) 13ஆம் பிரிவு. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்துவிட்டால், ஆணைக்குழு விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. முறைப்பாட்டைக் கொடுத்துவிட்டு வந்தால் மட்டும் போதாது; விசாரணை உண்மையிலேயே நடந்துகொண்டிருந்தது என்று காட்டச் சொல்லி உயர் நீதிமன்றம் பல மனுக்களைக் காலம் தாழ்ந்தவை என்று தள்ளியிருக்கிறது. ஆகவே முறைப்பாட்டு இலக்கம், ஆணைக்குழு அனுப்பும் கடிதங்கள், விசாரணைத் திகதிகள் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். அங்கும் நீதி கிடைக்காவிட்டால் அதே கோப்புத்தான் ஜெனீவாவுக்கும் போகும். கட்டணம் கிடையாது. உள்நாட்டு வழிகள் முடிந்து ஐந்து ஆண்டுகளுக்குமேல் தாமதித்தால் குழு முகம் சுளிக்கும். தமிழிலோ சிங்களத்திலோ எழுதினால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்; மொழிபெயர்த்துத்தான் அனுப்ப வேண்டும்.